டவர் கிரேன் பராமரிப்பு: முதல்முறை மேலே ஏறப்போகிற ஃபிட்டருக்கு

ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ முடித்துவிட்டு கிரேன் பராமரிப்புக்கு வருகிற தம்பிகள் முதல் வாரத்திலேயே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "அண்ணா, கிரேன்தான் நல்லா ஓடுதே, எதுக்கு நிறுத்தணும்?" நியாயமான கேள்விதான். லாரி பழுதானால் புகை விடும், சூடாகும், வழியில் நின்றுவிடும். டவர் கிரேன் அப்படிக் காட்டிக்கொடுக்காது. எடை தூக்கும் இரும்புக் கயிறான ரோப்பில் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கும்போதும், பிரேக் லைனிங் தேய்ந்து மெலிந்த பிறகும், எல்லை தாண்டினால் நிறுத்துகிற லிமிட் சுவிட்ச் செத்துக் கிடக்கும்போதும், காலையில் ஆன் செய்தால் அது தூக்கும். தூக்க முடியாமல் போகிற அந்த ஒரு நாளில் கீழே யாராவது நின்றிருப்பார்கள். அதனால் இந்த வேலையில் "ஓடுது" என்ற சொல்லை நம்பாதீர்கள். கண்ணால் பார்த்ததையும் கருவியால் அளந்ததையும் மட்டும் நம்புங்கள்.

நான் எழுதுவது நம் ஊர் அடுக்குமாடி சைட்களில் அதிகம் நிற்கிற, கிடைமட்ட ஜிப் (எடை தொங்கும் நீண்ட கை) கொண்ட மின்சார டவர் கிரேனைப் பற்றி. மாடல் எண் 5013 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜிப் நீளம் 50 மீட்டர், அதன் நுனியில் 1.3 டன் தூக்கும் என்று அர்த்தம். செங்குத்தாக நிற்கும் கோபுரமான மாஸ்டுக்குப் பக்கத்தில் அதே கிரேன் பல டன் தூக்கும். ரோப், ஹூக், பிரேக் பற்றிச் சொல்பவை டயரில் ஓடும் ஹைட்ரா கிரேனுக்கும் பெருமளவு பொருந்தும். ஆனால் ஹைட்ராவுக்குத் தரை, டயர், பூம் என்று வேறு கவலைகள் இருக்கின்றன. அவற்றை இங்கே தொடவில்லை.

இன்னொன்று. நான் தரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் கிரேனின் கையேடு வேறு அளவு சொன்னால் கையேடு சொல்வதுதான் சரி. பல சைட்களில் கையேடு ஆபீஸ் அலமாரியில் கவர் பிரிக்காமலே கிடக்கும். கேட்டு வாங்குங்கள். கிரீஸ்-ஆயில் அட்டவணை, போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற டார்க் அட்டவணை, ரோப் விவரம் ஆகிய மூன்று பக்கங்களையும் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே நிற்கும்போது அதுதான் கைகொடுக்கும்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்

முதலில் ஆபரேட்டரிடம் போய்ப் பேசுங்கள். ஒரு நாளைக்கு எட்டு, பத்து மணி நேரம் அந்தக் கேபினில் உட்கார்ந்திருப்பவர் அவர். "ரெண்டு நாளா இறக்கும்போது கொஞ்சம் வழுக்குற மாதிரி இருக்கு", "திரும்பும்போது ஒரு இடத்துல கடக்குன்னு சத்தம் வருது" என்று அவர் சொல்கிற ஒரு வரி, நீங்கள் அரை நாள் தேடுவதை மிச்சப்படுத்தும். நேற்றைய லாக் புக்கையும் புரட்டிப் பாருங்கள். எல்லாக் கட்டத்திலும் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் டிக் போட்டிருந்தால், யாரும் எதையும் பார்க்கவில்லை என்று புரிந்துகொண்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்தது லோடு. ஹூக்கில் எதுவும் தொங்கக் கூடாது. ரோப்பை இழுத்து எடையைத் தூக்கும் ஹாய்ஸ்டின் பிரேக்கிலோ கியர் பாக்ஸிலோ கை வைக்கப்போகிறீர்கள் என்றால், ஹூக்கும் புல்லியும் சேர்ந்த ஹூக் பிளாக்கைத் தரையிலோ ஸ்லாபிலோ உட்கார வைத்து, ரோப் சற்றுத் தளர்ந்த பிறகுதான் தொட வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். புவியீர்ப்புக்கு சுவிட்ச் கிடையாது. ஹூக் பிளாக்கே சில நூறு கிலோ இருக்கும். பிரேக்கைக் கழற்றிய நொடியில் ரோப் சுற்றியிருக்கும் டிரம் சுழலத் தொடங்கினால் கையால் பிடித்து நிறுத்த முடியாது.

அப்புறம் மின்சாரம். அடியிலுள்ள மெயின் ஐசொலேட்டர் சுவிட்சை ஆஃப் செய்து, உங்கள் சொந்தப் பூட்டைப் போடுங்கள். சாவி உங்கள் பாக்கெட்டில்தான் இருக்க வேண்டும். "ஆள் மேலே வேலை செய்கிறார்" என்ற அட்டையில் பெயரும் போன் எண்ணும் எழுதித் தொங்கவிடுங்கள். இருவர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. வெறும் அட்டையை நம்பாதீர்கள். கான்கிரீட் வண்டி வந்து நின்றுவிட்டால் அட்டையை யாரும் படிக்க மாட்டார்கள். புதிய கிரேன்களில் டிரைவ் பேனல் இருக்கும். ஆஃப் செய்த பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும். பேனல் கதவில் எத்தனை நிமிடம் காத்திருக்கச் சொல்லி எழுதியிருக்கிறதோ அத்தனை நிமிடம் காத்திருங்கள். பிறகு மீட்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்யுங்கள்.

பெல்ட் பற்றி உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். இரண்டு கயிறு உள்ள முழு உடல் பெல்ட், எப்போதும் ஒரு கொக்கியாவது மாட்டியே இருக்க வேண்டும். ஜிப்பில் நடக்கும்போது அதற்கென்று கட்டியிருக்கும் உயிர்க்கம்பியில் மாட்டுங்கள். ஸ்பேனரையும் கட்டுங்கள். 60 மீட்டர் உயரத்திலிருந்து நழுவுகிற ஸ்பேனர் தரையைத் தொடும்போது மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். கீழே உள்ளவர் போட்டிருக்கும் ஹெல்மெட் அதைத் தாங்காது.

கீழிருந்து மேலே

பார்வையிடும் வேலையைக் கீழிருந்து மேலாக, தினமும் ஒரே வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

அடித்தளத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் பேஸ்மென்ட் குழியே குளமாகிவிடும். ஆங்கர் போல்ட்கள் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தால் அவற்றின் நிலைமை யாருக்கும் தெரியாது. பம்ப் போட்டு வடித்த பிறகு பார்த்தால்தான் உண்டு. எர்த் கம்பி இரண்டு முனையிலும் இறுக்கமாக இருக்க வேண்டும். மெயின் கேபிளில் எலி கடித்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்க வேண்டாம், மழைக்காலத்தில் பேனலுக்குள் எலி புகுவது உண்மையாகவே நடக்கிறது.

மாஸ்டில் ஏறும்போது ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு நிமிடம் நில்லுங்கள். பின் இணைப்பு என்றால் பூட்டுப் பின் சரியாக இருக்கிறதா? அது தொலைந்த இடத்தில் வெல்டிங் ராடை வளைத்துச் சொருகியிருப்பதை நான் ஒரு சைட்டில் மட்டுமல்ல, பல சைட்களில் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்தால் அப்படியே விட்டுவிட்டு ஏறாதீர்கள். பூட்டுப் பின்னின் விலை ஒரு டீ செலவு; அது தாங்குவதோ முழு மாஸ்டையும். போல்ட் இணைப்பு என்றால் நட்டுக்கும் தகட்டுக்கும் சேர்த்துப் பெயின்டில் போட்ட கோடு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். கோடு விலகியிருந்தால் நட் சுழன்றிருக்கிறது. இன்னும் கோடு போடவில்லை என்றால் இன்றைக்கே போட்டுவிடுங்கள். கட்டடத்தோடு இணைக்கும் டை பிரேஸ்களில் ஆப்பு, போல்ட், அவை பிடித்திருக்கும் கான்கிரீட்டில் விரிசல் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

பெயின்ட் வெடித்த மெல்லிய கோட்டிலிருந்து துரு சிவப்பாக வடிந்திருந்தால், அதன் அடியில் இரும்பே விரிந்திருக்கலாம். துணியால் துடைத்து, கம்பி பிரஷ் போட்டு, விரிசலைக் காட்டும் டை பெனட்ரன்ட் சாயம் அடித்துப் பாருங்கள். சிவப்பு அடித்து, சற்று ஊறவிட்டு, துடைத்து, வெள்ளை அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழும்பி வரும். கடற்கரை ஓரத்து சைட்களில் உப்புக் காற்றில் எல்லா இடத்திலும் மேல்துரு இருக்கும். அதைப் பார்த்துப் பழகிவிட்டால் இந்தக் கோடு கண்ணில் படாது.

ரோப்: பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம்

பராமரிப்பு நேரத்தில் பாதியை ரோப்புக்குக் கொடுங்கள் என்பேன். கிரேனிலேயே வேகமாகத் தேய்கிற பாகங்களில் ஒன்று அது. அதுவே எல்லா எடையையும் தாங்குகிறது.

வெறுங்கையால் தடவாதீர்கள், அறுந்த கம்பி தூண்டில் முள் மாதிரி சதைக்குள் ஏறும். கையுறை போட்டு, காட்டன் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ரோப் மிக மெதுவாக நகரும்போது பாருங்கள். துணி மாட்டுகிற இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். அங்கே கிரீஸைத் துடைத்துவிட்டு அறுந்த கம்பிகளை எண்ணுங்கள். டவர் கிரேன் ஹாய்ஸ்டில் பெரும்பாலும் எடை தொங்கும்போது தானாகச் சுற்றிக்கொள்ளாத சுழலா வகை ரோப்தான் இருக்கும். அதற்குப் பரவலாகப் பின்பற்றுகிற அமெரிக்க விதி இது: ரோப் விட்டத்தைப் போல 6 மடங்கு நீளத்தில் 2 கம்பி, அல்லது 30 மடங்கு நீளத்தில் 4 கம்பி அறுந்திருந்தால் ரோப்பைக் கழற்ற வேண்டும். 16 மி.மீ. ரோப் என்றால் 96 மி.மீ. நீளத்தில் 2, அல்லது 480 மி.மீ. நீளத்தில் 4. இவ்வளவு குறைவா என்று தோன்றும். காரணம், இந்த வகை ரோப் உள்ளேயிருந்து அறுந்து வரும். உள் இழைகளும் வெளி இழைகளும் எதிரெதிர்த் திசையில் முறுக்கியிருப்பதால் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருக்கும். வெளியே இரண்டு தெரிந்தால் உள்ளே எத்தனை என்று நமக்குத் தெரியாது. கிரேன் ரோப்புக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 4309இல் ரோப்பின் அமைப்பைப் பொறுத்துத் தனி அட்டவணையே இருக்கிறது. உங்கள் ரோப் வகைக்கு அதில் உள்ள எண்ணை லாக் புக்கின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

விட்டத்தை வெர்னியரால் அளக்கும்போது இழைகளின் முகடுகள் மேல் வைத்து அளக்க வேண்டும். இரண்டு இழைக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் வைத்தால் தவறான அளவு வரும். ஒரே இடத்தில் இரண்டு திசையில் அளந்து சராசரி எடுங்கள். பெயரளவு விட்டத்திலிருந்து 5 சதவீதம் குறைந்துவிட்டால் அந்த ரோப்பின் ஆயுள் முடிந்தது, 16 மி.மீ. ரோப்பில் 15.2 மி.மீ. அதே நேரம், ஒரு சிறு பகுதி மட்டும் திடீரென்று மெலிந்தோ பருத்தோ இருந்தால் சராசரி எல்லாம் பார்க்க வேண்டாம், உள்ளே சேதமடைந்திருக்கிறது. கூண்டு மாதிரி விரிந்தது, மடிந்து முறுக்கு விழுந்தது, நசுங்கித் தட்டையானது, வெல்டிங் பொறி பட்டு நீலம் பாரித்தது எல்லாம் அந்த நிமிடமே வேலை நிறுத்த வேண்டியவை. நேராக்கி ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மடிந்த ரோப்பை நேராக்கினால் அடையாளம்தான் போகும், சேதம் போகாது.

ரோப் முழுக்க ஒரே மாதிரி தேயாது. டிரம்மில் ஒரு அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்கு ஏறும் இடம், புல்லி மேல் அடிக்கடி வளையும் நீளம், ஜிப் நுனியில் கட்டியிருக்கும் முனை, இந்த மூன்றையும் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். புல்லியைக் கையால் சுற்றிப் பார்த்து, தள்ளாட்டமும் பேரிங் சத்தமும் கவனியுங்கள். புல்லிக் குழியில் ரோப்பின் அச்சுப் பதிந்திருந்தால் அந்தப் புல்லி புது ரோப்பையும் தின்றுவிடும். ரோப் மாற்றும்போது புல்லியைப் பார்க்காமல் விட்டு, சீக்கிரமே இன்னொரு ரோப் வாங்கிய கதைகள் எல்லா சைட்டிலும் இருக்கும்.

சரி, ரோப்பை மாற்ற வேண்டும் என்று முடிவாகிவிட்டது. புது ரோப்பின் சான்றிதழை எடுத்து விட்டம், அமைப்பு, முறுக்குத் திசை, உடையும் பலம் ஆகியவை கையேட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். "அதே 16 எம்.எம். தான்" என்று கடைக்காரர் சொல்வது போதாது, சாதா ஆறு இழை ரோப்பும் 16 மி.மீ.யில் கிடைக்கும், அதைப் போட்டால் உயரத்தில் ஹூக் பிளாக் தானாகச் சுற்றிக்கொண்டு ரோப்கள் பின்னிக்கொள்ளும். ரீலை ஸ்டாண்டில் அச்சுக் கம்பி போட்டு நிறுத்தி, சுழலவிட்டு எடுக்க வேண்டும். படுக்கப்போட்டு உருவினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும். டிரம்மில் மேல்பக்கமாக ஏறுகிற ரோப் என்றால் ரீலிலும் மேல்பக்கத்திலிருந்தே வர வேண்டும். வெட்டுவதற்கு முன் வெட்டும் இடத்துக்கு இரண்டு பக்கமும் மெல்லிய கம்பியால் நெருக்கமாகக் கட்டுங்கள். கட்டாமல் வெட்டினால் இழைகள் பிரிந்து, அந்தத் தளர்ச்சி ரோப் நெடுகப் பரவிவிடும். பழைய ரோப்போடு புதியதை வெல்டு வைத்து இணைத்து இழுக்கிற பழக்கம் இருக்கிறது. அப்படிச் செய்தால் பழையதில் உள்ள முறுக்கு முழுக்கப் புதியதற்குப் போய்விடும். இழுப்பதற்கென்றே இருக்கும் கம்பி வலை உறையைப் பயன்படுத்துங்கள்.

டிரம்மில் முதல் அடுக்கு இடைவெளி இல்லாமல், இழுவிசையோடு, நெருக்கமாக உட்கார வேண்டும். முதல் அடுக்கு தளர்ந்தால் மேல் அடுக்கு அதற்குள் புகுந்து நசுக்கும். முனையை ஆப்பு சாக்கெட்டில் மாட்டும்போது எடை தாங்கும் ரோப் பின்னோடு நேர்க்கோட்டில் வர வேண்டும். கிளாம்பை வால் பகுதியில் மட்டும் போடுங்கள். வாலையும் எடை தாங்கும் ரோப்பையும் சேர்த்து இறுக்கினால் ஆப்பு வேலை செய்யாது, எடை முழுக்கக் கிளாம்பில் வந்து நிற்கும். வேறு இடங்களில் யூ கிளாம்ப் போடும்போது, யூ போல்ட் வாலின் மேலும், தட்டையான அடிப்பகுதி எடை தாங்கும் ரோப்பின் மேலும் வர வேண்டும். மாற்றிப் போட்டால் யூ போல்ட் எடை தாங்கும் ரோப்பைக் கடித்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் லிமிட் சுவிட்சை மறுபடி செட் செய்ய வேண்டும். இதைத்தான் அதிகம் மறக்கிறார்கள். அந்த சுவிட்ச் டிரம்மின் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது, ஹூக் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ரோப் நீளம் மாறினாலும், ஹூக்கைத் தாங்கும் ரோப் வரிசையை இரண்டிலிருந்து நான்காக மாற்றினாலும், மாஸ்டை உயர்த்தினாலும் பழைய செட்டிங் பொய்யாகிவிடும். கீழ் லிமிட்டில் ஹூக் தரையைத் தொடும்போது டிரம்மில் குறைந்தது 3 சுற்று மிச்சம் இருக்கும்படி வையுங்கள்.

லிமிட் சுவிட்சும் பிரேக்கும்

பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு சைட்டில், மேல் லிமிட் சுவிட்ச் அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று யாரோ அதன் கான்டாக்டைச் சின்ன வயர்த் துண்டால் நேரடியாக இணைத்துவிட்டார்கள். எங்களுக்குச் சொல்லவில்லை, லாக் புக்கிலும் எழுதவில்லை. கான்கிரீட் அவசரத்தில் ஹூக் பிளாக் மேலே போய், ஜிப்பில் ஓடும் டிராலியில் முட்டியது. மோட்டார் இழுத்துக்கொண்டே இருந்தது. ரோப் அறுந்து பிளாக் கீழே வந்தது. விழுந்த இடத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்தவர்கள் சாப்பிடப் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. அந்த வயர்த் துண்டு ஒரு விரல் நீளம்கூட இருக்காது. அன்றிலிருந்து நான் எந்தக் கிரேனுக்குப் போனாலும் முதலில் திறந்து பார்ப்பது லிமிட் சுவிட்ச் பெட்டியைத்தான்.

தினமும் வேலை தொடங்குமுன் லோடு இல்லாமல், மெதுவான வேகத்தில் ஒவ்வொரு லிமிட்டையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: ஹூக் மேலே, ஹூக் கீழே, டிராலி வெளியே, டிராலி உள்ளே, சுழற்சி இரண்டு பக்கமும். ஆபரேட்டரின் கை எமர்ஜென்சி ஸ்டாப்பின் மேல் இருக்கட்டும்.

எடை லிமிட்டும் மொமென்ட் லிமிட்டும் வேறு வகை. எடையையும் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்ப்பது மொமென்ட் லிமிட்டர். 5013 கிரேனின் நுனியில் அரை கன மீட்டர் கான்கிரீட் தூக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2.4 டன் என்றால் அரைக்கு 1.2 டன். பக்கெட்டின் சொந்த எடையைச் சேர்த்தால் 1.3 டன்னைத் தாண்டிவிடும். அப்போது லிமிட்டர் நிறுத்தினால் "கிரேன் பழுது" என்றுதான் உங்களுக்கு போன் வரும். லிமிட்டரைத் தளர்த்தச் சொல்வார்கள். பழுது எதுவும் இல்லை, லிமிட்டர் தன் வேலையைச் செய்திருக்கிறது என்று அமைதியாக விளக்கி, கணக்கை எழுதிக் காட்டுங்கள். லிமிட்டரை செட் செய்வதானால் எடை தெரிந்த சோதனைக் கட்டிகளைக் கொண்டுதான் செய்ய வேண்டும். "இந்தக் கம்பிக் கட்டு ரெண்டு டன் இருக்கும்" என்ற மதிப்பீட்டில் செய்யக் கூடாது.

ஹாய்ஸ்ட் பிரேக் ஸ்பிரிங்கால் பிடித்து, மின்சாரத்தால் விடுவது. மின்சாரம் போனால் தானாகப் பிடித்துக்கொள்ளும். அதில் பார்க்க வேண்டியவை: ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) வைத்துக் காற்று இடைவெளி, லைனிங்கின் தடிமன், ஆயில் கசிவு. லைனிங் தேயத் தேய இடைவெளி கூடும். ஓர் அளவுக்கு மேல் கூடினால் காந்தத்தால் தட்டை இழுக்க முடியாது. பிரேக் முழுக்க விடாமலே மோட்டார் ஓடி, லைனிங் கருகும். ஆயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவி மறுபடி போடுகிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள், மாற்றுங்கள். ஆயில் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அந்த சீலையும் மாற்றுங்கள். கையால் பிரேக் விடும் லிவர் எதனாலும் கட்டிவைக்கப்படாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சரிசெய்த பிறகு, ஆட்கள் இல்லாத இடத்தில், அந்தத் தூரத்துக்கு அனுமதிக்கப்பட்ட முழு எடையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் தூக்கிப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். அடியில் ஓர் அளவுகோலை நட்டுவைத்துக் கவனியுங்கள். கொஞ்சம் இறங்கினாலும் பிரேக் சரியில்லை.

ஹூக்கையும் இதே நேரத்தில் பார்த்துவிடலாம். வாயின் அகலம் புதியதில் இருந்ததைவிட 5 சதவீதம் கூடியிருந்தாலோ, கழுத்து முறுக்கியிருந்தாலோ, 10 சதவீதம் தேய்ந்திருந்தாலோ மாற்ற வேண்டும். பூட்டு நாக்கு ஸ்பிரிங்கோடு தானாக மூட வேண்டும். ஹூக்கில் வெல்டிங் வைப்பது, சூடு காட்டி வளைப்பது இரண்டும் கூடவே கூடாது.

வெல்டிங் ராடைக் கீழே வையுங்கள்

ஹூக்குக்குச் சொன்னது மாஸ்டுக்கும் ஜிப்புக்கும் கிரேனின் மேல்பகுதியைச் சுழலவிடும் ஸ்லூயிங் ரிங்குக்கும் பொருந்தும். 2008 மே 30 அன்று நியூயார்க்கின் மேன்ஹாட்டனில், கிழக்கு 91ஆவது தெருவில் ஒரு டவர் கிரேனின் மேல்பகுதி கேபினோடு சேர்த்து மாஸ்டிலிருந்து பிரிந்து விழுந்தது. ஆபரேட்டரும் கீழே இருந்த தொழிலாளி ஒருவரும் இறந்தார்கள். அந்தக் கிரேனின் சுழல் தளத்தில் முந்தைய வருடமே விரிசல் கண்டிருந்தார்கள். வெல்டிங் வைத்துப் பழுது பார்த்து மறுபடி போட்டிருந்தார்கள். அந்த வெல்டிங்தான் விட்டுப்போனது. விரிசலைக் கண்டுபிடித்தார்கள், சரிசெய்யவும் செய்தார்கள். ஆனால் சரிசெய்த விதம் உயிரைப் பறித்தது. அதனால்தான் கட்டமைப்பில் விரிசல் என்றால் சைட் வெல்டரைக் கூப்பிடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கிரேனை நிறுத்துங்கள், போட்டோ எடுங்கள், தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். அவர்கள் எழுத்தில் தருகிற முறைப்படிதான் பழுது பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும்.

ஸ்லூயிங் ரிங் போல்ட்களை டார்க் ரெஞ்சால்தான் இறுக்க வேண்டும். எதிரெதிராக, ஒன்று வடக்கு என்றால் அடுத்தது தெற்கு என்ற வரிசையில். பைப்பை ரெஞ்சில் மாட்டி ஆள் தொங்கி இறுக்குவது அளவே இல்லாத வேலை. அதிகம் இறுக்கிய போல்ட்டும் உடையும். தலையில் 10.9 (போல்ட்டின் பலத்தைக் குறிக்கும் எண்) என்று அச்சிட்ட போல்ட் இருந்த இடத்தில் 8.8 போடக் கூடாது. ஒன்று உடைந்து கிடந்தால், அதை மட்டும் மாற்றிவிட்டுப் போகாதீர்கள். பக்கத்துப் போல்ட்கள் அதன் பங்கையும் தாங்கியிருக்கும். எத்தனை மாற்ற வேண்டும் என்று கையேட்டில் பாருங்கள். ரிங்குக்குக் கிரீஸ் அடிக்கும்போது சற்றுச் சற்றாகச் சுழற்றிக்கொண்டே அடிக்க வேண்டும். ஒரே நிலையில் நிறுத்தி அடித்தால் ஒரு பக்கத்துக் குண்டுகளுக்கு மட்டும்தான் கிரீஸ் போகும்.

அதே 2008இல், மார்ச் 15 அன்று, அதே மேன்ஹாட்டனில் 51ஆவது தெருவில் மாஸ்டை உயர்த்தும் வேலையின்போது இன்னொரு கிரேன் சரிந்து 7 பேர் இறந்தார்கள். மாஸ்டைக் கட்டடத்தோடு இணைக்கும் கனமான இரும்புக் காலரைத் தொங்கவிட்டிருந்த பாலியெஸ்டர் பெல்ட்கள் அறுந்து, காலர் வழுக்கி விழுந்ததில் தொடங்கிய விபத்து அது. பெல்ட்களில் ஒன்று ஏற்கெனவே சேதமடைந்தது என்று விசாரணையில் தெரிந்தது. பெல்ட், ஷேக்கிள், சங்கிலி எல்லாம் சில்லறைச் சாமான் என்று ஸ்டோரில் மூலையில் போட்டுவைத்திருப்பார்கள். வெட்டு விழுந்தது, தையல் பிரிந்தது, லேபிள் கிழிந்தது, வெயிலில் வெளுத்து விறைத்தது என்றால் இரண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள். வெட்டாமல் எறிந்தால் நாளைக்கு யாராவது எடுத்துவந்து கட்டுவார்கள்.

காற்றுக் காலம்

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் ஜிப்பின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும். பல கிரேன்களுக்கு வேலை செய்ய அனுமதிக்கப்பட்ட உச்சம் மணிக்கு 72 கிலோமீட்டர். ஷட்டரிங் தகடு மாதிரி அகலமான லோடுகளுக்கு அதற்கு வெகு முன்பே நிறுத்த வேண்டும். காற்றுமானியின் கிண்ணங்கள் தடையில்லாமல் சுற்றுகின்றனவா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

வேலை முடிந்து ஆபரேட்டர் இறங்கும்போது ஹூக்கை மேலே ஏற்றி, டிராலியைக் கையேடு சொல்லும் இடத்தில் நிறுத்தி, சுழல் பிரேக்கை விடுவித்து வைக்க வேண்டும். அப்போதுதான் ஜிப் காற்றுத் திசைக்குத் தானாகத் திரும்பிக்கொள்ளும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று அடித்தது. அப்படிப்பட்ட காற்றில் கிரேன் தானாகச் சுற்றுவதைப் பார்க்கிற பொதுமக்கள் பயந்துபோகிறார்கள். பயம் புரிகிறது, ஆனால் சுற்றுவதுதான் அதற்குப் பாதுகாப்பு. பிரேக் இறுகிக் கிடந்தால் காற்று பக்கவாட்டில் முழு ஜிப்பையும் தள்ளும். ஆகவே புயல் எச்சரிக்கை வந்த அன்றைக்கு நீங்கள் மேலே ஏறிச் செய்ய வேண்டிய முதல் வேலை, சுழல் பிரேக் உண்மையிலேயே விடுபடுகிறதா என்று பார்ப்பதுதான். ஜிப்பில் விளம்பரத் தட்டியோ பெரிய பேனரோ கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். பக்கத்துக் கட்டடத்திலோ இன்னொரு கிரேனிலோ இடிக்காமல் முழு வட்டம் சுற்ற இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழுது பார்த்த பிறகு

மேலே வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணுங்கள். ஏறும்போது பதினொன்று என்றால் இறங்கும்போதும் பதினொன்று. பிறகு பூட்டைப் போட்டவரே எடுத்து, முதலில் லோடு இல்லாமல் எல்லா அசைவும், அடுத்து லேசான லோடு. புது ரோப் என்றால் குறைந்த எடையில் பலமுறை ஏற்றி இறக்கிப் பழக்குங்கள்.

பெரிய பழுது, ரோப் மாற்றம், மாஸ்ட் உயர்த்தியது போன்றவற்றுக்குப் பிறகு லோடு டெஸ்ட் தேவையா, எந்த அளவில் என்பதைத் தகுதி பெற்ற ஆய்வாளர் முடிவுசெய்ய வேண்டும். பொதுவாக நிலைச் சோதனைக்கு 125 சதவீதமும், ஓட்டிப் பார்க்கும் சோதனைக்கு 110 சதவீதமும் வைப்பார்கள். இந்த நேரத்தில் கிரேன் சுழலும் வட்டத்துக்குள் ஆட்கள் இருக்கக் கூடாது. 2020 ஆகஸ்ட் 1 அன்று விசாகப்பட்டினம் இந்துஸ்தான் கப்பல் தளத்தில் ஒரு பெரிய கிரேன் சோதனை ஓட்டத்தின்போதே சரிந்து 11 பேர் இறந்தார்கள். சோதனை என்றாலே எதுவும் நடக்கலாம் என்றுதான் அர்த்தம், இல்லையென்றால் சோதிக்கவே தேவையில்லை. கயிறு கட்டி, காவலுக்கு ஆள் நிறுத்தி, அப்புறம் தூக்குங்கள்.

தகுதி பெற்ற நபரின் முழு ஆய்வு குறைந்தது 12 மாதத்துக்கு ஒருமுறை என்று 1998ஆம் ஆண்டின் மத்திய கட்டுமானத் தொழிலாளர் விதிகள் கேட்டன. நம்மவர்கள் பலர் வேலைக்குப் போகிற சிங்கப்பூரிலும் தூக்கும் இயந்திரத்துக்கு 12 மாதம்தான். ஆட்களைத் தூக்குவது என்றால் 6 மாதம். ஆய்வாளர் வரும் நாளுக்காக மட்டும் பெயின்ட் அடிக்காதீர்கள். பெயின்ட் அடித்தால் விரிசலின் துருக்கோடும் மறைந்துவிடும். அவர் பார்க்க வந்ததே அதைத்தான்.

லாக் புக்கில் "ரோப் செக் செய்யப்பட்டது, ஓகே" என்று எழுதாதீர்கள். "டிரம்மிலிருந்து 40 மீட்டரில் விட்டம் 15.6 மி.மீ., 480 மி.மீ. நீளத்தில் அறுந்த கம்பி 1, ஜிப் முனை சாக்கெட் சரி" என்று எழுதுங்கள். அடுத்த வாரம் அதே இடத்தில் அறுந்த கம்பி 3 என்று பார்க்கிறவருக்கு, அது ஒருவேளை நீங்களாகவே இருக்கலாம், வேகம் புரியும். எண்ணிக்கை 4 ஆகும் வரை காத்திருக்காமல் புது ரோப் வாங்க அன்றைக்கே இன்டென்ட் (கோரிக்கைச் சீட்டு) போடுவார்.

ரோப் மாற்றிய மறுநாள் காலை, வேலை தொடங்குமுன், இன்னொரு முறை மேலே ஏறுங்கள். எடை ஏறியதும் ரோப் சற்று மெலியும், கிளாம்ப் நட்கள் தளர்ந்திருக்கும். டார்க் ரெஞ்சை எடுத்துப்போய் ஒவ்வொன்றாக மறுபடி இறுக்கி, பெயின்ட் கோடு போட்டுவிட்டு, அதன் பிறகு ஆபரேட்டருக்குக் கை காட்டுங்கள்.